தண்ணி லேன்

லேப்ல சேர்ந்த முதல் வாரம் சீனியர் அக்கா ஒருத்தங்க சொல்லிக்கொடுத்ததுல இன்னிக்கு வரைக்கும் மாறாம நிக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பிசிஆர் போட்டா கடைசி டியூப்ல டிஎன்ஏ போடாத, தண்ணி போடு. மத்தது எல்லாமே மாறிப்போச்சு, மெஷின் மாறிடுச்சு, ஜெல்லுல கலக்கற சாயம் மாறிடுச்சு, அப்போ பொக்கிஷம் மாதிரி பூட்டி வச்ச கிட்டை இப்போ யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. தண்ணி டியூப் மட்டும் அப்படியே இருக்கு.

கொரோனாவுக்கு அப்புறம் பிசிஆர்னா என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, ஆனா அதோட குணத்தை சொல்லணும். ஒரு டிஎன்ஏ துண்டை ரெண்டாக்கும், ரெண்டை நாலாக்கும், இப்படியே 30 சைக்கிள் போனா கணக்குப்படி ஒண்ணு 107 கோடி ஆயிடும். 1983ல கேரி முல்லிஸ்க்கு வந்த ஐடியா, பத்து வருஷத்துல நோபல் வாங்கிக் கொடுத்துச்சு. இந்த காப்பி வேலையைப் பண்றது, அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல வாழற பாக்டீரியால இருந்து எடுத்த டாக் என்சைம், அவ்ளோ சூட்டுலயும் கெட்டுப்போகாம வேலை செய்யும். ஆனா இது உன் சாம்பிள் டிஎன்ஏ, இது உன் பிப்பெட்டுல (துளித்துளியா அளந்து எடுக்கற கருவி) ஒட்டியிருந்த டிஎன்ஏன்னு அதுக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, பிரைமர் (எங்க இருந்து காப்பி பண்ணணும்னு காட்டற குட்டி டிஎன்ஏ துண்டு) ஒட்டினா போதும், பெருக்கித் தள்ளிடும். அதுக்குத்தான் தண்ணி. ஒண்ணுமே போடாத இடத்துல ஒண்ணுமே வரக்கூடாது, வந்தா மத்த லேன்ல (ஒவ்வொரு டியூப்பையும் ஜெல்லுல ஓட்டிப் பாக்கற தனித்தனி வரிசை) வந்த எதையும் நம்ப முடியாது.

பிஎச்டி மூணாவது வருஷம். நோயாளிங்க கிட்ட இருந்து எடுத்த சாம்பிள்ல ஒரு பாக்டீரியாவோட ஜீன் இருக்கான்னு தேடிட்டு இருந்தேன். எட்டு மாசம் ஒண்ணும் வரல. ஜெல்லை யூவி வெளிச்சத்துல வச்சா லேடர் (அளவு பாக்கறதுக்காக ஓட்டற டிஎன்ஏ) மட்டும் ஆரஞ்சு கலர்ல படிக்கட்டு மாதிரி நிக்கும், என் சாம்பிள் எல்லாம் கருப்பு. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்காக (கட்டாயம் வந்தே ஆகவேண்டிய டியூப்) அந்த ஜீனை நானே ஒரு பிளாஸ்மிட்ல (வட்டமான குட்டி டிஎன்ஏ) ஒட்டி குளோன் பண்ணி, ஈ.கோலை பாக்டீரியால வளத்து, மினிப்ரெப் பண்ணி, அதாவது பிளாஸ்மிட்டை மட்டும் பிரிச்சு எடுத்து வச்சிருந்தேன், அந்த ஒரு லேன் மட்டும் ஒவ்வொரு தடவையும் பளிச்சுன்னு வரும், அதைப் பாத்தாலே எரிச்சலா இருக்கும்.

அப்புறம் திடீர்னு வர ஆரம்பிச்சுது. முதல்ல ரெண்டு சாம்பிள், அடுத்த ஜெல்லுல அஞ்சு, அதுக்கடுத்து பதினொண்ணு. எனக்கு கை கால் ஓடல. பேண்டை (ஜெல்லுல தெரியற டிஎன்ஏ கோடு) வெட்டி எடுத்து, எழுத்தெழுத்தா படிக்க சீக்வென்ஸிங் அனுப்பினா அதுலயும் அதே ஜீன், ஆனா டேட்டாபேஸ்ல இருக்கறதுக்கும் இதுக்கும் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து வித்தியாசம், ஏ இருக்க வேண்டிய இடத்துல ஜி. பதினொண்ணுலயும் அதே இடத்துல அதே ஜி. அந்த பாக்டீரியால புது ஸ்ட்ரெயின் (வகை) கண்டுபிடிச்சுட்டோம்னு எனக்குள்ள ஒரே கொண்டாட்டம், கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் கூட அனுப்பியாச்சு. சார் (என் கைடு) அதிகம் பேச மாட்டார், அவரே ரெண்டு தடவை நல்லா இருக்குன்னு சொன்னார்.

பேப்பருக்கு படம் ரெடி பண்ணும்போது பிளாஸ்மிட்டோட சீக்வென்ஸையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னு தோணிச்சு, சும்மா ஒரு ஒழுங்குக்கு. அதுலயும் அதே இடத்துல ஜி.

அந்த நிமிஷம் வயிறு கீழ இறங்கின மாதிரி இருந்துச்சே, அதை எப்படி எழுதறதுன்னு தெரியல. குளோன் பண்றதுக்கு நான் யூஸ் பண்ணினது சாதா டாக், அதுக்கு ப்ரூஃப்ரீடிங் கிடையாது, ஒரு எழுத்தை தப்பா காப்பி பண்ணிட்டா திரும்பிப் பாத்து திருத்தாது. அந்தத் தப்பு என் பிளாஸ்மிட்டுக்கு மட்டும் உள்ள மச்சம் மாதிரி. அந்த மச்சம் பதினோரு நோயாளி சாம்பிள்ல இருக்குன்னா ஒரே அர்த்தம்தான், நான் கண்டுபிடிச்சது என்னையே. பிளாஸ்மிட் எடுத்த அதே பிப்பெட், அதே பெஞ்ச், பிப்பெட் நுனில மாட்டறது ஃபில்டர் இல்லாத டிப். மினிப்ரெப்ல ஒரு மைக்ரோலிட்டர்ல பல நூறு கோடி காப்பி இருக்கும், பிப்பெட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சாரல் அடிச்சா போதும்.

சார் கிட்ட போய் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "தண்ணி லேன் என்னாச்சு?"ன்னார். க்ளீன் சார்னேன், நிஜமாவே அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். நோட்புக்கை எடுத்துட்டு வரச் சொன்னார், ஒட்டி வச்சிருந்த ஜெல் ஃபோட்டோவை ஜன்னல் கிட்ட கொண்டுபோய் சாச்சு சாச்சுப் பாத்தார். "இது என்னம்மா?" அவர் விரல் வச்ச இடத்துல லேசா, மூச்சு விட்டு துடைச்ச கண்ணாடி மாதிரி, ஒரு கோடு. அதை நான் அன்னிக்கே பாத்தேனா இல்லையா? பாத்திருப்பேன்னுதான் நினைக்கறேன். எட்டு மாசம் கருப்பு ஜெல் பாத்தவ கண்ணு வேணுங்கறதை மட்டும் பாத்துச்சு.

திட்டல. அப்ஸ்ட்ராக்டை வாபஸ் வாங்கச் சொன்னார், மெயில நானே எழுதணும்னார், அவ்ளோதான். (திட்டியிருந்தா ஈஸியா இருந்திருக்கும்.)

அதுக்கப்புறம் கொஞ்ச நாள், இதே மாதிரி மாட்டினவங்க கதையா தேடித் தேடிப் படிச்சேன், ஆறுதலுக்குத்தான். 1994ல எட்டு கோடி வருஷத்துக்கு முந்தின எலும்புல டிஎன்ஏ எடுத்தோம், டைனோசரா இருக்கலாம்னு சயன்ஸ் பத்திரிகைல பேப்பர் வந்துச்சு, அடுத்த வருஷமே அது மனுஷ டிஎன்ஏன்னு மத்தவங்க காட்டிட்டாங்க. ஸ்வான்டே பேபோங்கற விஞ்ஞானி 1985ல எகிப்து மம்மில இருந்து டிஎன்ஏ எடுத்தேன்னு நேச்சர் பத்திரிகைல போட்டார், அதுவும் பெரும்பாலும் கலப்படம்தான்னு பின்னாடி அவரே சொன்னார், அந்த மனுஷன்தான் அதுக்கப்புறம் க்ளீன் ரூம் கட்டி, நியாண்டர்தால் மனுஷனோட ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) வரைக்கும் போய் 2022ல நோபல் வாங்கினார். ஜெர்மனில இதைவிட கூத்து, 40 குற்றம் நடந்த இடத்துல ஒரே பொண்ணோட டிஎன்ஏ கிடைக்குதுன்னு போலீஸ் வருஷக்கணக்கா தேடி, 2009ல பாத்தா சாம்பிள் எடுக்கற பஞ்சுக் குச்சி செய்ற ஃபேக்டரில வேலை பாத்த பொண்ணோட டிஎன்ஏ அது.

நான் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். பிரைமர், பஃபர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா சின்னச் சின்ன ஆலிகோட் (தனித்தனி டியூப்ல பிரிச்ச பங்கு), ஃபில்டர் டிப், மாஸ்டர் மிக்ஸ் (சாம்பிள் டிஎன்ஏ தவிர மத்ததெல்லாம் சேர்ந்த கலவை) கலக்க தனி ரூம், பிளாஸ்மிட் தொட்ட நாள் அந்த ரூமுக்குள்ள கால் வைக்கக்கூடாது. பெஞ்சை ஸ்பிரிட்ல துடைச்சா போதும்னு நினைச்சிட்டு இருந்தேன், ஆல்கஹால் டிஎன்ஏவை ஒண்ணும் பண்ணாது, ப்ளீச்தான் வேணும். டி எழுத்துக்கு பதிலா யூ போட்டு பெருக்கி, பழைய பிசிஆர் மிச்சத்தை மட்டும் என்சைம் விட்டு அழிக்கற டெக்னிக் ஒண்ணு இருக்கு, நல்ல டெக்னிக்தான், ஆனா எனக்கு உதவியிருக்காது, பாக்டீரியால வளந்த பிளாஸ்மிட்ல யூ ஏது. மொத்த சாம்பிளும் திரும்பப் போட்டதுல நிஜ பாசிட்டிவ் ரெண்டு. பதினொண்ணு போய் ரெண்டு. தீசிஸ்ல அதை வச்சு ஒரு சாப்டர் எழுதினேன், சின்ன சாப்டர்.

பிஎச்டிக்கு அப்புறம் பண்ணின போஸ்ட்டாக் ஆராய்ச்சி காலத்தைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கான்ட்ராக்ட் எப்போ முடியும்னு காலண்டர் பாத்துட்டே வேலை செஞ்சது தவிர. இப்போ நாலு ஸ்டூடன்ட்ஸ் இருக்கற ஒரு சின்ன குரூப், பிப்பெட் தொடறதே அபூர்வம், பாதி நாள் கம்ப்யூட்டர்ல சீக்வென்ஸ் டேட்டாதான். முதல் மனுஷ ஜீனோம் முடிக்க 1990ல இருந்து 2003 வரைக்கும் ஆச்சு, இப்போ அதே வேலையை மெஷின் ஒரு ரன்ல பல பேருக்கு முடிச்சுக் கொடுத்துடுது. கலப்படம் மட்டும் போகல, சாம்பிள்ல இருந்து டிஎன்ஏவை பிரிச்சு எடுக்கற எக்ஸ்ட்ராக்ஷன் கிட்டுக்குள்ளயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும், சாம்பிள் ரொம்ப கம்மியா இருந்தா கிட்டோட பாக்டீரியாவை நோயாளியோடதுன்னு எழுதிடுவாங்க. அதனால வெறும் தண்ணியையும் எக்ஸ்ட்ராக்ட் பண்ணி சீக்வென்ஸ் பண்ணச் சொல்றேன். தண்ணிக்கு போய் இவ்ளோ செலவான்னு ஸ்டூடன்ட்ஸ் முகத்துல எழுதி ஒட்டியிருக்கும், எனக்குத் தெரியும்.

போன மாசம் அலமாரி ஒதுங்க வைக்கும்போது அந்த நோட்புக் கிடைச்சுது. ஸ்டூடன்ட் ஒருத்தனைக் கூப்பிட்டு, இந்தா பாரு, இதுதான் நான் சொன்ன ஜெல்லுன்னு நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்"ங்கறான். வாங்கிப் பாத்தேன். அந்தக் காலத்து ஃபோட்டோ தெர்மல் பேப்பர்ல வர்றது, நாளானா வெளுத்துடும், லேடர், பதினோரு பேண்டு, சார் விரல் வச்ச அந்தக் கோடு எல்லாமே போயிடுச்சு. பக்கத்துல நீல பேனால நான் எழுதினது மட்டும் நல்லா தெரியுது, தண்ணி - க்ளீன்னு, கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன்.