ஆர்டர் குறைந்த மாதங்களில் சி.சி. கணக்கு கவிழாமல் பார்த்துக்கொள்வது

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத், வி.எம்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) போட்டு ஜாப் ஆர்டர் செய்யும் பட்டறைகளுக்கு மந்தம் புதிதல்ல. 2019-இல் ஆட்டோமொபைல் சரிவு, அடுத்த வருடமே கொரோனா. இரண்டிலும் நாங்கள் பார்த்தது ஒன்றுதான்: வேலை இல்லாமல் திணறுவதற்கு முன்பே, முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராமல் பட்டறை திணற ஆரம்பித்துவிடும்.

அது முதலில் தெரியும் இடம் சி.சி. கணக்கு, அதாவது ஸ்டாக்கையும் வர வேண்டிய பில்லையும் காட்டி ஒரு லிமிட் வரை பேங்கில் எடுத்துப் போடும் கேஷ் கிரெடிட் கடன். லிமிட் 10 லட்சம் என்றால் 10 லட்சமும் நம்முடையது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பேங்க் போடும் அளவு டிராயிங் பவர், அதாவது டி.பி. அது 10 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அதுதான் லிமிட். மாதிரிக்கு ஒரு கணக்கு. ஸ்டாக் 8 லட்சம். அதில் கடனுக்கு வாங்கிய ராடு, காஸ்டிங் 3 லட்சத்தைக் கழித்தால் 5. மார்ஜின், அதாவது நம் பங்காக பேங்க் கழிப்பது, 25% போக 3.75 லட்சம். பார்ட்டிகளிடம் நிற்கும் பில் 12 லட்சம். அதில் 90 நாள் தாண்டிய 4 லட்சத்தை பேங்க் சேர்க்காது. மீதி 8-இல் 40% மார்ஜின் போக 4.80 லட்சம். ஆக டி.பி. 8.55 லட்சம். கணக்கில் 9.60 எடுத்திருந்தால் 1.05 லட்சம் ஓவர். மார்ஜினும் நாள் கணக்கும் பேங்குக்கு பேங்க் மாறும். சாங்ஷன் லெட்டரில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

பார்ட்டி இழுத்தடிக்கும் அதே மாதம் பேங்கும் கையைச் சுருக்கிக்கொள்வது இப்படித்தான். இதற்காக ஸ்டாக்கை ஏற்றிக் காட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு. ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் விற்பனை விழுந்திருக்க, ஸ்டாக் மட்டும் ஏறினால் ஸ்டாக் ஆடிட்டில் அன்றே மாட்டும்.

வசூலுக்குப் போகும்போது பழைய பில்லில் ஆரம்பிக்க வேண்டாம். 90 நாள் தாண்டியது ஏற்கெனவே டி.பி.யில் இல்லை. 60-லிருந்து 90 நாளுக்குள் இருப்பதுதான் அவசரம்: வராவிட்டால் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் இன்னொரு பள்ளம். அந்தப் பார்ட்டி இன்னும் வேலை கொடுத்துக்கொண்டும் இருப்பார், பேச இடமிருக்கும். பர்ச்சேஸில் கேட்டால் "பார்க்கலாங்க" என்றுதான் பதில் வரும்; அக்கவுண்ட்ஸில் செக் போடும் கிழமை எது என்று கேட்டு அதற்கு முந்தின நாள் போங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதம் டெலிவரி சலான். கேட்டில் செக்யூரிட்டி போடும் சீலும் தேதியும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம் (2006) எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து "அளவு சரியில்லை" என்று கிளப்பும் ரிஜெக்‌ஷனுக்கு அந்தச் சீல்தான் பதில். பணம் தரும் கெடு, ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். எழுதவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6.75% இருந்தபோது அது 20.25%. உத்யம் பதிவு (எம்.எஸ்.எம்.இ. என்பதற்கான அரசுப் பதிவு) சப்ளைக்கு முந்தைய தேதியில் இருக்கட்டும். பின்னால் எடுத்தால் பழைய பில்லுக்குச் செல்லுமா என்ற வழக்கே தனியாக ஓடும்.

பாக்கிக்காக அந்தச் சட்டப்படி இருக்கும் எம்.எஸ்.எம்.இ. கவுன்சிலுக்குப் போவது கடைசி ஆயுதம். 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக பார்ட்டி 75% தொகை கட்ட வேண்டும் என்பதுதான் இதன் பலம். போட்டால் அந்தப் பார்ட்டி போய்விடுவார், ஆகவே ஆர்டர் நின்றுபோன இடத்தில் மட்டும் போடுவது நல்லது. ஓடும் பார்ட்டிக்கு வேறு வழி இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியிலேயே பாக்கி விவரத்தையும் உத்யம் சான்றிதழையும் இணைத்து ஒரு லெட்டர் அனுப்புங்கள். வருமான வரிச் சட்டத்தில் வந்த விதிப்படி (1961 சட்டத்தில் 43பி(எச்)), கெடு தாண்டி மார்ச் கடைசியில் நிற்கும் பாக்கியை அந்த வருடச் செலவாக அவர்கள் காட்ட முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால் எடுத்த ஐ.டி.சி.யையும், அதாவது நம் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதையும், திருப்ப வேண்டும். இந்த இரண்டையும் அவர்களுடைய ஆடிட்டரே அவர்களிடம் சொல்லிக்கொள்வார். நாம் குரல் உயர்த்த வேண்டியதில்லை.

டெர்ம் லோன் தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே எழுத்தில் போங்கள். தவணை தவறி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ.-0 (பேங்கின் எச்சரிக்கைப் பட்டியல்), 60 வரை 1, 90 வரை 2, அதற்கு மேல் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். எம்.எஸ்.எம்.இ. மறுவாழ்வுக்கு 2016-இல் ரிசர்வ் பேங்க் போட்ட ஏற்பாட்டில், 25 கோடி வரை கடன் உள்ள யூனிட் தானே விண்ணப்பிக்கலாம். என்.பி.ஏ. ஆகும் முன் ஆவணத்தோடு கேட்டிருக்க வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாயால் மேனேஜரிடம் சொன்னது கணக்கில் வராது. கடிதத்தில் சீல் போட்ட நகல் வாங்குங்கள். கூடவே கையிலுள்ள ஆர்டர் பட்டியல், பாக்கி பட்டியல், ஆறு மாத வரவு செலவு, எவ்வளவு தவணை கட்ட முடியும் என்ற எண். அந்த எண் இல்லாத விண்ணப்பம் மேஜையிலேயே கிடக்கும்.

ரேட் குறைக்கச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். வி.எம்.சி.க்கு மணிக்கு ஆபரேட்டர், கரண்ட், இன்சர்ட், கூலன்ட் சேர்த்து 200 ரூபாய், இ.எம்.ஐ., வாடகை 180 என்று வையுங்கள். பார்ட்டி 300 தருகிறேன் என்றால் மெஷின் சும்மா நிற்கையில் எடுக்கலாம். 100 ரூபாயாவது இ.எம்.ஐ.க்குப் போகும். ஆனால் பி.ஓ.விலேயே (பர்ச்சேஸ் ஆர்டர்) "மூன்று மாதத்துக்கு மட்டும், 30 நாளில் பணம்" என்று எழுதி வாங்க வேண்டும். மந்தம் போன பிறகும் 300-லேயே நிற்கும் ரேட் எத்தனையோ உண்டு.

ஓடாத மெஷினுக்கும் சேர்த்து ஈ.பி. ஃபிக்சட் சார்ஜ் வரும். ஈ.பி.யில் வாங்கியிருக்கும் லோடைக் குறைக்கலாம், ஆனால் திரும்பக் கூட்ட என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு.

ஜி.எஸ்.டி.யில் 5 கோடிக்குள் விற்பனை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையில் இருந்தால், முதல் இரண்டு மாதமும் 25-ஆம் தேதிக்குள் வரி கட்டுவார்கள். போர்ட்டல் காட்டும் 35% சலான் போன காலாண்டில் பணமாகக் கட்டியதை வைத்து வருவது. விற்பனை விழும்போது அதைக் கட்டினால் இல்லாத வியாபாரத்துக்குப் பணம் முடங்கும். அந்த மாதங்களில் உண்மையான பில்லை வைத்து, ஐ.டி.சி. கழித்து, சுயகணக்கு முறையில் கட்டச் சொல்லி ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.