ஜன்னத்துல் பகீயில் ஜியாரத்: என் அனுபவம்

உம்ரா யாத்திரைக் குழுவோடு மதீனா போகிறவர்களில் பலர் ஜன்னத்துல் பகீ என்ற அடக்கஸ்தலத்தை வெளியே நின்று பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் நேரம் தெரியாததுதான் காரணம். ஜியாரத்துக்கு, அதாவது அடங்கியிருப்பவர்களைச் சந்தித்து ஸலாம் சொல்ல, ஆண்களை உள்ளே விடுவது பொதுவாக சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் பிறகும் அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகும். வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்று நான் சுபுஹையே வைத்துக்கொண்டேன்.

நபிகளாரின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவீயில் ஃபர்ளு (கடமையான தொழுகை) முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். அநேகமாக எல்லா வக்துத் தொழுகைக்குப் பிறகும் இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை இருக்கும். அதை முடித்துவிட்டு ஜனாஸாவின் பின்னாலேயே நடந்தால் வழி கேட்க வேண்டியதில்லை, பள்ளிக்குக் கிழக்கே பக்கத்தில்தான் பகீ. உடலைச் சுமக்கும் சந்தூக்கு தோளுக்குத் தோள் மாறி ஓட்டமும் நடையுமாகப் போகிறது. யாருடைய மையித்து (உடல்), எந்த நாடு, எதுவும் தெரியாது. நானும் தோள் கொடுத்தேன். கபுரில் (அடக்கக் குழியில்) மூன்று கைப்பிடி மண்ணும் போட்டேன். அந்த பாக்கியம் கிடைக்கும் என்று நினைத்துப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உள்ளே மண்ணும் கல்லும்தான். கபுர்கள் மேலிருந்த குப்பாக்கள் (குவிமாடங்கள்) 1806இல் ஒருமுறையும், திரும்பக் கட்டப்பட்டவை 1920களின் நடுவிலும் இடிக்கப்பட்டன. பெயர் எழுதிய மீஸான் (கபுரின் அடையாளக் கல்) ஒன்றுகூடக் கிடையாது. அதனால் யார் யார் எங்கே என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். எங்கள் ஊர் ஆலிம்சா (மார்க்க அறிஞர்) எழுதிக்கொடுத்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. நபிகளாரின் மகன் இப்ராஹீம், பேரர் ஹஸன் (ரலி), ஆயிஷா நாயகி உள்ளிட்ட மனைவியர், இமாம் மாலிக் எல்லோரும் இங்கேதான். மனைவியரில் கதீஜா நாயகி மக்காவிலும் மைமூனா நாயகி மக்காவுக்குப் பக்கத்து ஸரிஃபிலும் இருக்கிறார்கள். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் கபுருக்கு உள்ளே வெகுதூரம் நடக்க வேண்டும். அவசரப்பட்டுத் திரும்புகிறவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த முஹாஜிர்களில் முதலில் இங்கே அடக்கப்பட்டவர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி). அடையாளத்துக்கு ஒரு கல் கொண்டுவரச் சொன்னார்கள் நபிகளார். போனவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபிகளாரே எழுந்து, கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தக் கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்ததாக ஹதீஸில் வருகிறது. அது தெரிந்த பிறகு அங்கே கிடக்கும் எந்தக் கல்லையும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

துஆ நீளமாக இருக்க வேண்டியதில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும் தார கவ்மின் முஃமினீன், வஇன்னா இன்ஷா அல்லாஹு பிகும் லாஹிகூன்" (முஃமின்களின் இல்லத்தாரே, உங்கள் மீது ஸலாம்; அல்லாஹ் நாடினால் நாங்களும் உங்களோடு வந்து சேர்வோம்) என்று நபிகளார் சொன்ன ஸலாமே போதும். ஒரே இடத்தில் கூட்டமாக நின்றால் காவலர்கள் நகரச் சொல்வார்கள். வாக்குவாதம் வேண்டாம், நடைபாதையில் நடந்துகொண்டே ஓதலாம்.

பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. உம்மாவுக்கு இது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. முகம் வாடிவிட்டது. "நீ போயிட்டு வா வாப்பா, எல்லாருக்கும் என் ஸலாத்தையும் சொல்லு" என்று மதிலோரம் நின்றுகொண்டார்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளை வரிசையாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஸலாம் சொன்னார்கள். குழு நடத்துகிறவர்கள் ஊரிலிருந்து புறப்படும் முன்பே பெண்களிடம் இதைச் சொல்லி, எங்கே நின்று ஸலாம் சொல்லலாம் என்பதையும் விளக்கிவிட வேண்டும்.