அந்த வருடத்து நோன்புக்கஞ்சி

நாங்கள் சைவர்கள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்றால் அம்மாவுக்குக் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம்தான். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போவார். அங்கே அது யாருக்கும் விசித்திரமில்லை. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா அழுது மன்றாடிக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே அந்தோனியார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிக்கே சத்தம் கேட்டது. டிரான்ஸ்போமர் வெடித்ததென்று நினைத்தேன். கொச்சிக்கடை ஆலயத்தில் வெடித்த தற்கொலைக் குண்டு அது. அப்புறம் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. 260 பேருக்கு மேல் போய்விட்டார்கள். சீயோனில் ஞாயிறுப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர். குண்டுகளை வெடிக்கவைத்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகள்.

23ஆம் திகதி துக்க தினம். காலை 8.30க்கு மூன்று நிமிட மௌனம். அன்றும் செவ்வாய்தான். போக வழியில்லாமல், அம்மா சாமியறையில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மெழுகுதிரியை ஏற்றினார். தெருவெல்லாம் வெள்ளைக்கொடி. யாரும் சட்டத்தைக் கையில் எடுக்கக்கூடாது என்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை கேட்டுக்கொண்டார். ஆலயங்கள் மூடியிருந்ததால் அடுத்த ஞாயிறு அவர் ஒப்புக்கொடுத்த பூசை தொலைக்காட்சியில் போனது. அம்மா தரையில் உட்கார்ந்து பார்த்தார்.

நாடே ஒன்றாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். முகநூலை முடக்கியிருந்தார்கள், நான் விபிஎன் போட்டு உள்ளே புகுந்து, 'நாம் இலங்கையர்' என்று எழுதிவிட்டு வந்தேன். அதே கிழமை படிக்கட்டில் கீழ்வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், எதிரே வந்தார். நான் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். போனில் ஒன்றுமே இல்லை.

மே மாதம் நோன்பு தொடங்கியது. வருடாவருடம் முதல் நாளே கஞ்சி மேலே வந்துவிடும், ஒரு சின்ன எவர்சில்வர் வாளியில். அந்த முறை வரவில்லை. ஒரு கிழமை போனது. 13ஆம் திகதி மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். எங்கள் ஒற்றுமைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

மறுநாள் அம்மா அலுமாரியைக் குடைந்து, போன வருடம் திருப்பிக்கொடுக்க மறந்த வாளியைக் கண்டுபிடித்தார். துலக்கினார். "கொண்டுபோய்க் குடு" என்று என்னிடம் நீட்டினார். எனக்குக் கால் எழும்பவில்லை. "நீ தலைய குனிஞ்சு போன கதை எனக்குத் தெரியும். இப்ப நிமிர்ந்து போ" என்றார். மூன்று வாரமாக நான் எழுதிய பெரிய வார்த்தைகள் எல்லாம் என் முகத்துக்கே வந்து நின்றன.

கதவைத் தட்டினேன். முதலில் சங்கிலியளவுக்குத்தான் திறந்தது. என்னைப் பார்த்ததும் ராத்தா கதவை முழுதாகத் திறந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா, அண்டைக்குப் படியில..."

"அனுப்பினா குடிப்பீங்களோ என்னவோண்டு பயந்துதான் தங்கச்சி அனுப்பல்ல" என்றார். நான் சொல்ல வந்ததை அவர் முடிக்கவிடவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கரண்டி வாளியில் படும் சத்தம் கேட்டது.

சூடு கையில் ஏற ஏற மேலே கொண்டுவந்தேன். அன்று கஞ்சியில் உப்பு போட மறந்திருந்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கோப்பையும் ஊற்றிக்கொண்டார்.