உறையின் முதுகில் ஒரு தேதி

மார்ச் 3, திங்கள்

வழக்குக்கு வாய்தா வாங்கிவிட்டார்கள். மதியமே அலுவலகம் திரும்பினேன். ஜூனியர் தன் தாத்தாவின் பழைய கடிதக்கட்டைக் கொண்டுவந்திருந்தாள். "ஸ்டாம்ப் மட்டும் வெட்டித் தரட்டுமா சார்?" என்றாள், கையில் கத்தரிக்கோலுடன். பதறிப்போய்த் தடுத்தேன்.

பள்ளி நாள்களில் நானும் அப்பாவுக்கு வந்த உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலைகளை உரித்தவன்தான். தலைகள் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கின்றன. யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து, என்றைக்கு? எதுவும் தெரியாது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 5, புதன்

கட்டைப் பிரித்ததில் ஓர் உறை தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. முகப்பில், அனுப்பிய ஊரின் முத்திரையில் தேதி 19. முதுகில், போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையில் 18. மாதமும் ஆண்டும் ஒன்றே. கிளம்புவதற்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்த கடிதம்!

போலியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ழான் தெ ஸ்பெராட்டி என்ற போலித் தபால்தலைக்காரர் நினைவுக்கு வந்தார். 1942இல் அவர் லிஸ்பனுக்கு அனுப்பிய தபால்தலைகளைப் பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்தது. விலை உயர்ந்த சரக்கைக் கடத்துகிறார் என்று வழக்கு. "அத்தனையும் நான் செய்த போலிகள்" என்றார் அவர். நிபுணர்களோ அசல் என்று சாதித்தார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தானே போலிக்காரன் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. குற்றவியல் வழக்குகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் இந்த உறையைப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்? குடும்பத்தை விட்டு வெளியே போகாத கட்டு இது. அதோடு, போலி செய்கிறவன் தேதியில்தான் மிகவும் கவனமாக இருப்பான்.

மார்ச் 7, வெள்ளி

"ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன சார்?" என்று ஜூனியர் கேட்டாள். வக்கீல் கேட்கக் கூடாத கேள்வி. ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கை எடுத்துச் சொன்னேன். 1817 செப்டம்பர் 2 அன்று கம்பளி ரோமம் விற்கிறோம் என்று ஒரு கடிதம் புறப்பட்டது. முகவரி தவறியதால் 5ஆம் தேதி மாலைதான் சேர்ந்தது. வாங்குகிறவர்கள் அன்றைக்கே சம்மதக் கடிதம் போட்டுவிட்டார்கள். அது 9ஆம் தேதி வந்து சேர்வதற்குள், 8ஆம் தேதியே சரக்கு வேறு ஆளுக்குக் கைமாறிவிட்டது. சம்மதத்தைத் தபாலில் சேர்த்த கணமே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 1818இல் தீர்ப்பானது. இன்றும் ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எல்லோரும் இதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

தேதி முத்திரை பிறந்ததே ஒரு புகாரால்தான். கடிதங்கள் தாமதமாகின்றன என்ற குறையைத் தீர்க்க, 1661இல் இங்கிலாந்தின் தபால் தலைவர் ஹென்றி பிஷப் அதைக் கொண்டுவந்தார். சின்ன வட்டத்துக்குள் மாதமும் நாளும் மட்டும், ஆண்டு கிடையாது. எந்த ஊழியரும் கடிதத்தை அமுக்கி வைக்க முடியாதபடி ஒரு சாட்சி. முதல் தபால்தலையான பென்னி பிளாக் 1840இல் வருவதற்கு 179 ஆண்டுகள் முன்பே முத்திரை வந்துவிட்டது. அதனால்தான் தலையைவிட முத்திரைமேல் எனக்கு மோகம் அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

விடை கிடைத்தது. கண்டுபிடித்தவள் அவள்தான்.

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த 9 மட்டும் பக்கத்து 1ஐவிடக் கொஞ்சம் இறங்கி நிற்கிறது சார்" என்றாள். உறையை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். 6! அந்தக் கால முத்திரைகளில் எண்களைத் தினமும் கையால் மாற்ற வேண்டும். யாரோ ஓர் ஊழியர் அவசரத்தில் 6ஐத் தலைகீழாகச் செருகியிருக்கிறார். 16 அன்று கிளம்பி 18 அன்று சேர்ந்திருக்கிறது.

ஊகம் மட்டும் போதாதே. உள்ளே இருந்த கடிதத்தைப் பிரித்தோம். தாத்தாவுக்கு அவருடைய அக்கா எழுதியது. மேலே தேதி: 15. "நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுவேன்" என்று கடைசி வரி.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கட்டில் இன்னும் நாற்பது உறைகளாவது இருக்கும். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.