சேற்றுப் பூனைப்பருந்து: பெட்டையைப் பிரித்தாயிற்று

எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் எடுத்த படங்களில் 'பருந்து, தெரியவில்லை' என்று ஒதுக்கிவைத்த ஃபோல்டர் இந்த சீசனில் ஒருவழியாகக் காலி! உள்ளே இருந்தவை சேற்றுப் பூனைப்பருந்துகள், சதுப்புநிலத்துக் கோரை மேலே சுற்றும் வேட்டைப்பறவை. ஆண் எப்போதுமே சுலபம்: சாம்பல் இறக்கை, கறுப்பு நுனி, பழுப்பு முதுகு. தகராறெல்லாம் பழுப்பான பெட்டையும் இளசும்தான், வேறு பருந்துகளோடு குழம்பும்.

கரும்பருந்தை வால் பிளவே காட்டிக்கொடுக்கும். வாலை முழுசாக விரித்தால் பிளவு மறைந்துவிடும் என்பதால் ஒரே ஒரு படத்தை நம்பக் கூடாது. நிஜத் தொல்லை செம்பருந்தின் இளசு. அதுவும் பழுப்பு, அதன் வாலும் வட்டம், அதே உப்பங்கழி மேலேதான் அதுவும் சுற்றும். பூனைப்பருந்துக்கு அடையாளமாக எல்லோரும் வெளிர்மஞ்சள் உச்சந்தலையைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் சில பூனைப்பருந்து இளசுகளுக்குத் தலையும் கரும்பழுப்பு, செம்பருந்து இளசின் தலையோ வெளிர் கீற்றோடு இருக்கும். தலையை மட்டும் வைத்துப் பெயர் சொல்லவே கூடாது.

பார்க்க வேண்டியது, சிறகடிப்பதை நிறுத்தி மிதக்கும் அந்த இரண்டு மூன்று நொடி. பூனைப்பருந்தின் இறக்கை 'வி' போல மேலே தூக்கி நிற்கும். செம்பருந்துக்குத் தட்டையாக, நுனி சற்றே கீழே வளைந்திருக்கும். பக்கவாட்டில் இது தெரியாது. பறவை நேரே வரும்போதோ விலகிப் போகும்போதோ தொடர்ச்சியாகப் படமெடுக்க வேண்டும். பிறகு அடியிறக்கை: செம்பருந்து இளசுக்கு நுனிச்சிறகுகளின் அடியில் வெளிறிய திட்டு உண்டு. வெளிர்வானப் பின்னணியில் பழுப்புப் பறவை வெறும் நிழலாகிவிடும்; எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றினால்தான் அந்தத் திட்டு தெரியும். காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வருவதால் கழியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பதே சரி.

நடத்தையும் கைகொடுக்கும். பூனைப்பருந்து கோரைக்கு மேலே ஓரிரு ஆள் உயரத்தில், காற்றை எதிர்த்து மெதுவாக, போன தடத்திலேயே திரும்பித் திரும்பி வரும். அது இரை தேடும் நாமக்கோழிக் (கறுப்பு நீர்ப்பறவை) கூட்டம் திடீரென நெருங்கி ஒட்டிக்கொண்டால் பைனாகுலரை உடனே கோரை விளிம்புக்குத் திருப்புங்கள். அந்தக் கூட்டத்தில் அடிபட்டதும் நோயுற்றதும்தான் பெரும்பாலும் அதனிடம் சிக்கும். தவளை, எலியையும் விடாது. இரவில் கோரைக்குள் தரையிலேயே தங்கும்.

  

அடுத்து பழவேற்காட்டில் பேலிட், மாண்டேகு என்ற வேறு இரண்டு பூனைப்பருந்து இனங்களின் பெட்டைகள். இரண்டுக்குமே வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் வெள்ளைப் பட்டை உண்டு, ஆகவே கழுத்து வளையத்தைத்தான் பிடிக்க வேண்டும். மார்ச் முடிந்தால் கிளம்பிவிடும். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே இறங்காமல் முயலப் போகிறேன்.