பஞ்சரும் பஞ்சாரையும்

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பும். நான் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புளியரைப் பக்கம் கிளம்புவேன். மலையும் வயலும் பார்க்கப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் சர்க்கரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 118 என்று வந்தது. நூறுக்குள் இருந்திருந்தால் பேச்சே இல்லை. 126-ஐத் தொட்டிருந்தால் சர்க்கரை நோய் என்று பெயர் வைத்து, முறைப்படி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் வேலியில் உட்கார்ந்த ஓணானைப் போல் இரண்டுக்கும் நடுவில் இருந்ததால், இனிப்பை நிறுத்திவிட்டு நடக்கவாவது சைக்கிள் மிதிக்கவாவது செய்யும்படி மருத்துவர் சொன்னார். நடப்பதில் எனக்கு எந்த ஈடுபாடும் கிடையாது. ஆகவே, சேமிப்பில் கணிசமான ஒரு பகுதியைக் கொடுத்து, கத்தி போல் மெல்லிய டயர் கொண்ட கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

வாங்கிய முதல் மாதம் முழுவதும் தெருவில் எனக்குக் கிடைத்தது அனுதாபம்தான். பைக் வைத்திருக்கும் ஒருவன் காலையில் சைக்கிளில் போனால் அதற்கு இரண்டு விளக்கங்கள்தான் எங்கள் பக்கத்தில் உண்டு: ஒன்று பைக் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது அடகுக்குப் போயிருக்க வேண்டும். "அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா? ஏறுங்க, கொண்டு விடுதேன்" என்று பின்னாலேயே வந்து கூப்பிட்டவர்கள் பலர். காய்கறி ஏற்றி வந்த மினி வேன்காரர் ஒருவர், என் மறுப்பைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, இறங்கிவந்து சைக்கிளைத் தூக்கி வெண்டைக்காய் மூட்டைகளின் மேல் வைத்தே விட்டார். இருக்கைக்கு இதமாகப் பஞ்சு வைத்துத் தைத்த அந்தக் கறுப்பு அரைக்கால் சட்டையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதைப் போட்டுக்கொண்டு மிதிக்கலாமே தவிர, நாலு பேர் இருக்கும் டீக்கடைக்குள் நுழைய முடியாது. அதற்காகவே நான் ஒரு பழைய சாரத்தைச் சுருட்டி ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு போவது வழக்கம். சைக்கிளை நிறுத்தியதும் சாரத்தை எடுத்து உடுத்திவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவேன். தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் கட்டம் போட்ட சாரமுமாக நிற்கும் என்னைப் பார்த்துக் குழந்தைகள் சிலர் அழுததுண்டு.

கதைக்கு வேண்டிய பொருள் இருக்கையின் அடியில் தொங்கும் சிறு பை. இரண்டு கை அகலத்துக்கு மேல் போகாத அந்தப் பையில் மாற்று ட்யூப் ஒன்று, டயரை நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டு, விரல்நுனி அளவே உள்ள பித்தளை அடாப்டர் ஒன்று ஆகியவை இருக்க வேண்டும். அடாப்டர் எதற்கு என்றால், இந்த வகைச் சைக்கிள்களின் வால்வு ஊசி போல் மெலிந்தது. பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ உள்ள காற்றுக்குழாயின் வாய் கார், பைக் வால்வுகளுக்கு ஏற்ப அகலமானது. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பித்தளைத் துண்டு இருந்து சம்பந்தம் பேசினால்தான் காற்று உள்ளே போகும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பையில் ட்யூபும் இல்லை, அடாப்டரும் இல்லை. இரண்டையும் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோவில்பட்டிக் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்திருந்தேன். நீண்ட தூரம் மிதிப்பவர்களுக்கு வழியில் சிறிது இனிப்பு தேவைப்படும் என்று எல்லா நூல்களிலும் எழுதியிருக்கிறார்கள். மனைவி அந்த நூல்களைப் படித்ததில்லை. அதனால்தான் பைக்குள் வைக்க வேண்டியதாயிற்று.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை எங்கள் ஊரில் மேற்கே போகும் சைக்கிளுக்குக் காற்றுதான் மலை. கேரளத்தின் பக்கமிருந்து வரும் தென்மேற்குக் காற்று, மலைத்தொடரில் செங்கோட்டைக்கு நேரே இருக்கும் கணவாயில் புகுந்து, அங்கே நெருக்குப்பட்ட கோபத்தை எல்லாம் நம் நெஞ்சில் வந்து காட்டும். கணக்குக்குச் சமதளச் சாலைதான், ஆனால் ஏற்றத்துக்குரிய கியரில் மிதிக்க வேண்டியிருக்கும்.

பிரானூர் பார்டரைக் கடக்கும்போது பரோட்டாக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. வெளியூர் நண்பர்கள் இங்கே வந்து நின்று, பார்டர் எங்கே என்று தேடுவார்கள். திருவிதாங்கூரின் எல்லை ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே கோட்டைவாசலுக்குப் போய்விட்டது, பெயரும் நாட்டுக்கோழி வாசனையும் இங்கேயே நின்றுவிட்டன. செங்கோட்டை நுழைவாயில் வளைவின் உச்சியில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றைக்கும் இருக்கிறது. என் மனைவிக்குச் செங்கோட்டைதான் பிறந்த வீடு. அவளுடைய ஆச்சி பள்ளியில் மலையாளம் படித்தவர். அந்தச் சொத்து பேத்திக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் சண்டை சாதாரணமாக இருக்கும்வரை தமிழில் நடக்கும். மலையாளத்துக்கு மாறிவிட்டால் நான் வாசலுக்கு வந்துவிடுவேன்.

செங்கோட்டை தாண்டியதும் வைக்கோல் லாரி ஒன்று என்னை முந்தியது. கேரளத்து மாடுகளுக்காக நம் பக்கத்து வைக்கோலை ஏற்றிக்கொண்டு போகும் இந்த லாரிகள், கர்ப்பிணியைப் போல் இரு பக்கமும் புடைத்துக்கொண்டு, சாலையோர மரக்கிளைகளை உரசியபடி மெதுவாக நகரும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று படாது என்று கணக்குப் போட்டுப் போனேன். காற்று படவில்லைதான், ஆனால் புளியரை வருவதற்குள் என் தலை, மூக்கு, பற்களின் இடுக்கு எல்லாவற்றிலும் வைக்கோல் இருந்தது. புளியரையின் பச்சை வயல்களைப் பார்த்து வாய் பிளப்பது என் வழக்கம். அன்றைக்கு வாயைத் திறக்கவே அஞ்சினேன்.

எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலைத் தாண்டி, ஆரியங்காவை நோக்கி இறங்கும்போது சாரல் மழையாகக் கனத்தது. அன்று தென்மலைக்கு முன்னால் உள்ள பதின்மூன்று கண் பாலம்வரை போவதாகத் திட்டம். 1904-இல் திறந்த கொல்லம் ரயில் பாதையின் அந்தக் கல்பாலத்தின் மேல் ரயில் போகும் நேரத்தில் கீழே நின்று பார்க்க வேண்டும் என்று பல வாரங்களாக ஆசை. இறக்கத்தின் பாதியில் பின்சக்கரம் சாணியை மிதித்தது போல் குழைந்தது. இறங்கி, டயரை விரலால் தடவிப் பார்த்தேன். ரப்பரில் ஏதோ மயிர்க்கால் போல் நெருடியது. நகத்தால் பிடித்து இழுத்தபோது, அரை அங்குல நீளத்தில், தலைமுடியைவிடச் சற்றே தடித்த இரும்புக் கம்பி ஒன்று வந்தது. லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதன் உள்ளே பின்னியிருக்கும் கம்பிகள் இப்படித்தான் துண்டு துண்டாகச் சாலையில் கிடக்கும். முள்ளும் ஆணியும் கண்ணுக்குத் தெரியும். இது குத்திய பிறகுதான் தெரியும். கம்பி வெளியே வந்ததும் டயர் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

தள்ளிக்கொண்டே போய், தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடையை அடைந்தேன். மழை தகரத்தில் விழும் ஓசையில், உள்ளே ஓடிக்கொண்டிருந்த வானொலி வாயசைப்பது போல் இருந்தது. சாரத்தை உடுத்திக்கொண்டு உள்ளே போனேன். தமிழ்ச் சொல்லின் முடிவில் 'உண்டோ' சேர்த்து மூக்கால் பேசினால் மலையாளம் ஆகிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை, எனக்கும் உண்டு.

"சேச்சி, இவிடெ பஞ்சர் உண்டோ?"

அடுப்படியில் நின்ற வயதான அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உண்டல்லோ! அதில்லாத்த சாயக்கட உண்டோ?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார்.

கேரளத்தில் டீக்கடையிலேயே பஞ்சர் ஒட்டுகிறார்களே, நம் ஊரில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லையே என்று வியந்தபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் டீ வந்தது. அதன் அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக எதுவோ படிந்திருந்தது. அதைக் கவனிக்காமல், "பஞ்சர்?" என்று மீண்டும் கேட்டேன்.

"போரே?" என்றார் அவர்.

பஞ்சரை ஒட்டிக்கொண்டு இன்னும் மேலே போகிறாயா என்று விசாரிக்கிறார் போலும் என்று நினைத்து, "போறேன், போறேன்" என்று உற்சாகமாகத் தலையாட்டினேன். அவர் ஒரு டப்பாவைத் திறந்து, மேலும் இரண்டு கரண்டி சர்க்கரையை என் தம்ளரில் போட்டு, ஆட்டு ஆட்டென்று ஆட்டிக் கையில் கொடுத்துவிட்டு, இப்படியும் ஒரு மனிதனா என்ற முகத்தோடு போனார்.

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருடைய டீ சிந்தியது. தோட்ட வேலைக்கென்று வந்து அங்கேயே தங்கிவிட்ட நம் ஊர்க்காரர். "தம்பி, பஞ்சாரன்னா இங்க சீனி. நீங்க சீனி இருக்கான்னு கேட்டீங்க. போரேன்னா போதாதான்னு அர்த்தம். நீங்க சொன்ன போறேன் அவங்க காதுல போரான்னு விழுந்திருக்கு. போதாதுன்னு சொல்லிட்டீங்க" என்று பொழிப்புரை வழங்கினார்.

ஒரு கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். என் தம்ளரில் எப்படியும் ஐந்து கரண்டி இருந்திருக்கும். கொட்டிவிடலாம்தான், மனைவியின் முகமும் மருத்துவரின் முகமும் நினைவுக்கு வந்தன. ஆனால் சட்டையெல்லாம் நனைந்து பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, அந்த அம்மையாரும் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குடித்தேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முழு இனிப்போடு குடித்த அந்த டீயின் சுவையை வருணித்தால் இந்தப் பதிவு வீட்டில் எனக்கு எதிராகப் பயன்படக்கூடும் என்பதால் தவிர்க்கிறேன். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மையாருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஆவி பறக்கும் பழம்பொரி இரண்டை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. அதற்கும் மறுப்புச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலையாளம் போதவில்லை.

உண்மையான பஞ்சர் கடை ஒன்றரை கிலோமீட்டர் கீழே இருந்தது. லாரி டயர்களின் நடுவில் அவற்றின் நிறத்திலேயே உட்கார்ந்திருந்த இளைஞர், என் சைக்கிளின் வால்வைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, "இதெந்தா, பேனயோ?" என்று கேட்டார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியதும் ஒரு குமிழி வரிசை கிளம்பியது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஊதிக்கொண்டே காத்திருந்து, ஒட்டை வைத்துச் சுத்தியலால் செல்லமாகத் தட்டினார். அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. காற்றடிக்கும் இடத்தில்தான் நின்றுபோனோம். காற்றுக்குழாயின் வாய் என் வால்வை அப்படியே விழுங்கிவிட்டு, 'புஸ்' என்று வெளியே விட்டது. அடாப்டர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பையில் ஏதாவது இருக்கிறதா என்று ஜாடை காட்டினார். திறந்து காட்டினேன். கடலை மிட்டாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அவர் செய்த காரியத்தை நான் இன்றுவரை நான்கு பேரிடம் சொல்லி, நானே கண்டுபிடித்தது போல் பெயர் வாங்கிவிட்டேன். வால்வின் மேலிருந்த சிறிய பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து, அதன் உச்சியைப் பிளேடால் சீவித் துளையாக்கினார். வால்வின் நுனித் திருகைத் தளர்த்திவிட்டு, அந்தத் தொப்பியைத் தலைகீழாக அதன்மேல் திருகினார். குழாயின் வாய் அந்தத் தொப்பியை இறுகக் கவ்விக்கொண்டது. லாரிக்குக் காற்றடிக்கும் யந்திரம் ஆதலால், சொடுக்குப் போடுவது போல் விட்டு விட்டு நான்கு முறை அழுத்தியதிலேயே டயர் கல்லாகிவிட்டது. நாற்பது ரூபாய் கேட்டார். கூடவே இரண்டு கடலை மிட்டாய் எடுத்துக்கொண்டார். "இனி தென்காசி வரே சவிட்டிக்கோ" என்றார். சவிட்டுவது என்றால் அங்கே மிதிப்பதுதான், நம்மைச் சவட்டச் சொல்லவில்லை என்பது இம்முறை எனக்குப் புரிந்தது.

பாலத்தைப் பார்க்கும் தெம்பும் நேரமும் இல்லை. கோட்டைவாசல்வரை ஏறி முடித்ததும், காலையில் நெஞ்சில் குத்திய அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. மிதிக்காமலேயே செங்கோட்டை வந்ததாக ஞாபகம்.

வீட்டில் சைக்கிளை முற்றத்தில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது மனைவி என் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவாரியைப் பதிவு செய்யும் செயலி, ஓடிய நேரம் இவ்வளவு, மொத்த நேரம் இவ்வளவு என்று இரண்டையும் பிரித்துக் காட்டும். அதை எழுதியவருக்குக் குடும்பம் இல்லை என்று நினைக்கிறேன்.

"ஏங்க, ஆரியங்காவுல ஒரே இடத்துல முக்கால் மணி நேரம் நின்னிருக்கீங்களே?"

"பஞ்சர்" என்றேன்.

மழை, இரும்புக் கம்பி, பேனா போன்ற வால்வு, தொப்பியைச் சீவிய சாமர்த்தியம் எல்லாவற்றையும் கை கால்களை ஆட்டி விவரமாகச் சொன்னேன். டீக்கடை என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அவள் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு முற்றத்தைக் காட்டினாள். சுவரோரத்துப் பொந்திலிருந்து புறப்பட்ட எறும்பு வரிசை ஒன்று, பின்டயரில் ஏறி, ஒரு கம்பியைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியே மேலே போய், இருக்கையின் அடியில் தொங்கும் பைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. திரும்பி இறங்கிய எறும்புகள் ஒவ்வொன்றின் வாயிலும் கடலைத் துணுக்கு.

"பஞ்சரோ, பஞ்சாரயோ?" என்றாள்.

மலையாளம். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.