மாங்கூழ்க் கிடங்கில் பிக்ஸீஸ்

பிக்ஸீஸ் குழுவின் பாடல்களை ஆல்பங்கள் வெளிவந்த வரிசையிலேயே வாசித்துப் பழகுவது, முடிந்தவரை அந்தந்த ஆல்பத்தின் ஒலியையும் பிடித்துப் பார்ப்பது. கிருஷ்ணகிரியில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய இந்த வேலை இப்போது ‘போஸநோவா’ வரை வந்திருக்கிறது. நான் பேஸ் கிதார். மச்சான் எலக்ட்ரிக் கிதார். டிரம்ஸுக்கு, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிக்கும் தம்பி ஒருவன். பாடுவதற்குத் தனியாக ஆள் கிடையாது. மச்சான் கத்துவதைப் பாட்டு என்று ஒப்புக்கொண்டால் பாடகரும் உண்டு. அந்தக் குழுவின் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸின் பாட்டுக்கு அது பெரிய குறையும் அல்ல.

இந்தக் குழுவைத் தெரியாதவர்களுக்காக: 1986இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கிய ராக் இசைக்குழு. மேடையில் பிளாக் ஃபிரான்சிஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட சார்லஸ் தாம்ப்சனும், மணிலாவில் பிறந்த கிதார்காரர் ஜோயி சாண்டியாகோவும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பழகியவர்கள். பேஸ் வாசிக்க ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். ஹஸ்கர் டூ என்ற இரைச்சல் குழுவையும், பீட்டர், பால் அண்ட் மேரி என்ற சாதுவான நாட்டுப்பாடல் குழுவையும் ஒருசேரப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வந்தவர் ஒரே ஒருவர், கிம் டீல். அவரிடம் சொந்தமாகப் பேஸ் கிதார்கூட இல்லை. சகோதரியிடம் இரவல் வாங்கித்தான் வாசித்தார். டிரம்ஸுக்கு டேவிட் லவ்ரிங் சேர்ந்தார்.

அந்த விளம்பரத்தில் கேட்டதைத்தான் பிறகு அவர்கள் வாசித்தார்கள். சரணத்தில் குரல் கிசுகிசுக்கும், பேஸும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். பல்லவி வந்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போகும். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1994இல் வெளிவந்த பேட்டியொன்றில், தன் குழுவின் மிகப் பிரபலமான பாட்டை எழுதும்போது பிக்ஸீஸைக் காப்பியடிக்கத்தான் முயன்றதாகச் சொன்னார். காப்பியடித்தவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். இவர்களுடைய ‘டூலிட்டில்’ அமெரிக்கப் பட்டியலில் 98ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் அதே ஆல்பம் 8ஆம் இடம் பிடித்தது என்பது வேறு கதை.

முதல் வெளியீடான ‘கம் ஆன் பில்கிரிம்’ எங்களை அதிகம் சோதிக்கவில்லை. தாம்ப்சனின் அப்பா கொடுத்த 1,000 டாலரில், 1987இல், மூன்று நாட்களில் 17 பாடல்களைப் பதிவு செய்தார்கள். அதில் எட்டை மட்டும் எடுத்து லண்டனின் 4ஏடி நிறுவனம் வெளியிட்டது. வீட்டு முன்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசித்தாலே ஓரளவு அந்தச் சாயல் வந்துவிடுகிறது. வேகமும் பதற்றமும் இருந்தால் போதும். எங்களிடம் பதற்றத்துக்குப் பஞ்சம் இல்லை.

‘சர்ஃபர் ரோசா’தான் முன்னறையில் அடங்க மறுத்தது. 1988இல் வந்த அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. செலவு ஏறத்தாழ 10,000 டாலர், வேலை பத்து நாள் அளவு. ஆல்பினி வாங்கிக்கொண்டது 1,500 டாலர் கூலி மட்டும். விற்பனையில் பங்கு கேட்பது குழுவை அவமதிப்பது என்பது அவர் கொள்கை. 2024 மே மாதம் இறக்கும்வரை அதை விடவில்லை. (அதே ஆள் பின்னாளில் இந்த ஆல்பத்தை இளக்காரமாகப் பேசினார், இன்னும் பின்னாளில் அப்படிப் பேசியதற்காக வருந்தினார். ஆனாலும் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.) முதல் பாட்டான ‘போன் மெஷின்’ டிரம்ஸில் தனியாகத் தொடங்கும். பிறகு பேஸ், அதற்கும் பிறகு கிதார். அந்தத் தொடக்கத்தில் நம் காதில் விழுவது டிரம்ஸ் மட்டும் அல்ல, அது வைக்கப்பட்டிருக்கும் அறையும்தான். கிம் டீலின் குரலுக்கு ஸ்டூடியோ எதிரொலி பிடிக்காமல், கருவிகளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் நிஜ எதிரொலியைப் பதிவு செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எங்களுக்கும் ஓர் அறை தேவைப்பட்டது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதற்கு விடை சுலபம். இங்கே மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் இரவு பகல் பாராமல் ஓடும். மற்ற மாதங்களில் அவற்றின் கிடங்குகளில் பாதி காலி. உறவினர் ஒருவர் வேலை பார்க்கும் இடத்தில், “சீசனுக்கு முன்னால் காலி செய்துவிட வேண்டும், சிகரெட் கூடாது” என்ற நிபந்தனையோடு ஒரு கிடங்கு கிடைத்தது. சிமென்ட் தரை, பூசிய சுவர், தகரக் கூரை. ஒரு பக்கம் காலி பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். கையைத் தட்டினால் ஒலி போய்ச் சுற்றிவிட்டு ஆற அமரத் திரும்பி வரும்.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் எங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டு மைக்குக்குத்தான் இடம். ஒன்றை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தோம். இன்னொன்று, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக். அதை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளி வைத்தால் தூரத்து மைக்குக்கு அடி வந்து சேர 30 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அந்த அளவு தாமதத்தைக் காது தனி ஒலியாகப் பிரிப்பதில்லை; டிரம்ஸ் பெரிதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. 20 மீட்டருக்குப் போனால் தாமதம் ஏறத்தாழ இரட்டிப்பு. ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடி இரண்டாகக் கேட்கும், வேகமான பாட்டு சேறாகிவிடும். நடந்து நடந்து மைக்கை நகர்த்திப் பார்த்து, ஏழெட்டு மீட்டரில், கிரேட் அடுக்கைப் பார்த்தபடி நிறுத்தினோம். வெறும் சுவரைப் பார்த்து வைத்தபோது இருந்த கூர்மையான பதிலடி கிரேட் பக்கம் இல்லை. அவற்றின் ஓட்டைகளும் விளிம்புகளும் ஒலியைச் சிதறடித்து அனுப்புகின்றன. ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்றே மரச்சட்டங்கள் செய்து சுவரில் பதிப்பார்கள்.

இன்னொரு தொல்லை ரோலிங் ஷட்டர். நான் ஏ தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டும்போதெல்லாம், அதாவது 55 ஹெர்ட்ஸில், ஷட்டர் ‘ஜர்ர்ர்’ என்று கூடவே பாடும். மற்ற சுரங்களுக்கு அசையாது. ஷட்டரின் பட்டைகளுக்கு இடையில் ஈரச் சாக்கைத் திணித்து, அடியில் ஒரு மரக்கட்டையை ஆப்பாக அடித்த பிறகுதான் வாயை மூடியது.

காவலுக்கு இருக்கும் பெரியவர் முதலில் சில நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “தம்பி, பாட்டு சூடு பிடிக்கும் என்று பார்த்தால் நிறுத்திவிடுகிறீர்களே, மறந்துவிடுகிறதா?” என்றார். மறக்கவில்லை ஐயா, அது அப்படித்தான் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனால் அவர் தொட்டது சரியான இடத்தைத்தான். இந்தக் குழுவை வாசித்துப் பார்க்கும்போது கிடைக்கும் முதல் அதிர்ச்சி, எவ்வளவு நேரம் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது. சாண்டியாகோ பல பாடல்களில் சரணம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வந்தால் இரண்டு மூன்று சுரங்கள், அதையும் வளைத்து உரசிவிட்டு ஒதுங்கிவிடுவார். மச்சானுக்கு இது எளிதில் கைவரவில்லை. விரல் சும்மா இருக்காது. டிரம்ஸ் தம்பிக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது. மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர்கள் ஓங்கி அடிப்பதற்கு முன் ஒரு கணம் கையை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

‘வேர் இஸ் மை மைண்ட்?’ பாட்டில் நாங்கள் ரொம்ப நேரம் தங்கினோம். ஈ, சி ஷார்ப் மைனர், ஜி ஷார்ப், ஏ என்று நான்கு கார்டுகள்தான், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்தான், சுற்றி வருகின்றன. ஈ ஸ்கேல் என்ற சுர வரிசையின்படி மூன்றாவது கார்டு ஜி ஷார்ப் மைனராக இருக்க வேண்டும். தாம்ப்சன் அதை மேஜராக வாசிக்கிறார். ஸ்கேலுக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு சுரம் உள்ளே வருகிறது, பாட்டின் தரை நழுவுவது அதனால்தான். மச்சானை மைனராக ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஊரில் எவரும் எழுதக்கூடிய பாட்டாகிவிட்டது.

1989இல் வந்த ‘டூலிட்டில்’ ஆல்பத்துக்குக் கிடங்கு பொருந்தவில்லை. பொருந்தாது என்று காதே சொன்னது. கில் நார்டன் என்ற தயாரிப்பாளர் வந்தார், செலவு நான்கு மடங்கானது. அறையின் ஒலி பின்வாங்கி, ஒவ்வொரு கருவியும் துடைத்து வைத்த மாதிரி முன்னால் வந்து நிற்கிறது. பாடல்களை நீட்டும்படி நார்டன் வற்புறுத்தியதாகவும், தாம்ப்சன் அவரைக் கடைக்கு அழைத்துப்போய் பழைய ராக் பாடகர் பட்டி ஹாலியின் தொகுப்பை எடுத்து, எல்லாம் இரண்டு நிமிட அளவுதான் என்று காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. ஜெயித்தது தாம்ப்சன்: 15 பாடல்கள், 39 நிமிடங்களுக்குள்.

ஆகவே மறுபடியும் வீட்டு முன்னறை. டிரம்ஸைச் சுற்றிப் போர்வைகள். கிதாரை இடம் ஒன்று வலம் ஒன்று என இரண்டு முறை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னேன். “ஒரே வாசிப்பை நகலெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் போதாதா?” என்றான் மச்சான். போட்டுக் காட்டினேன். சத்தம்தான் கூடியது, அகலம் கூடவில்லை. ஒலி நட்டநடுவில் நின்றது. இரண்டாம் முறை வாசிக்கும்போது கை செய்யும் சிறு பிசகுகள்தான் கிதாரை இரண்டு பக்கமும் விரித்து வைக்கின்றன.

பேஸ்காரனுக்கு ‘டூலிட்டில்’ ஒரு விருந்து. ‘டிபேசர்’ பாட்டைத் தொடங்குவதே பேஸ்தான். ‘டேம்’ இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மூன்றே சுரங்கள் சுற்றிச் சுற்றி வரும். மேலே குரல் முணுமுணுத்தாலும் அலறினாலும் பேஸ் அசைந்து கொடுக்காது. கிம் டீல் பிக் என்ற சிறு வில்லையால், பெரும்பாலும் கீழ்நோக்கிய அடியிலேயே வாசிக்கிறார். அதே அழுத்தத்தோடு அந்த இரண்டு நிமிடத்தை வாசித்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். கடினமாக ஒன்றுமே இல்லாத ஒரு பகுதி இப்படிக் களைக்க வைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனால் அந்த ஆல்பத்திலேயே கிம் டீலின் பங்கு சுருங்கத் தொடங்கிவிட்டது. எழுத்தில் அவர் பெயர் ‘சில்வர்’ பாட்டோடு சரி. முந்தைய ஆல்பத்தில் ‘ஜைஜாண்டிக்’ பாடியவர் அவர். 1990இல் வந்த ‘போஸநோவா’வில் அவர் எழுதியது ஒன்றும் இல்லை. அதே ஆண்டு, அதே ஆல்பினியை வைத்து, தன் பிரீடர்ஸ் குழுவின் ‘பாட்’ ஆல்பத்தை வெளியிட்டார். பிக்ஸீஸ் கைவிட்ட காலி இடத்தையெல்லாம் அவர் அங்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

‘போஸநோவா’ கடலலை கிதார் ஆல்பம். 1960களின் சர்ஃப் இசைப் பாட்டு ஒன்றோடு தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபையருக்குள் சுருள்கம்பி வைத்து எதிரொலி செய்யும் ஸ்பிரிங் ரிவெர்ப் எங்களிடம் இல்லை; கணினியில் இருப்பதை வைத்து ஓட்டுகிறோம். ‘வெலூரியா’வில் தெரமின் வருகிறது, கை படாமல் காற்றில் விரலை அசைத்து வாசிக்கும் மின்கருவி. அதற்கு மாற்றாக ஹார்டுவேர் கடையில் ஒரு எவர்சில்வர் குழாய்த் துண்டு வெட்டி வாங்கினோம். அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு மச்சான் மேல்தந்தியில் இழுத்தால், சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போகும் அந்த அழுகை பாதியாவது வருகிறது. மீதிப் பாதி பூனை.

அடுத்தது 1991இன் ‘ட்ராம்ப் லெ மொண்ட்’. இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை, கேட்டு வைத்திருக்கிறேன். கீபோர்டு சேர்ந்திருக்கிறது, கிதார்கள் சுவராக எழும்பியிருக்கின்றன, பேஸ் மட்டும் தனியாக நடக்கும் இடங்கள் அரிதாகிவிட்டன. பாடல்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வாசிக்காமல் நிற்க வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. 1993இல் குழு கலைந்தது. தாம்ப்சன் அதை முதலில் வானொலியில் சொல்லிவிட்டார்; பிறகு சாண்டியாகோவுக்குத் தொலைபேசி, மற்ற இருவருக்கு ஃபேக்ஸ். லவ்ரிங் மேஜிக் நிகழ்ச்சி நடத்தப் போனார். 1999இல் ஹாலிவுட் படம் ஒன்றின் கடைசிக் காட்சியில் ‘வேர் இஸ் மை மைண்ட்?’ ஒலித்தது, மச்சான் உட்பட நம்மில் பலருக்கு இந்தக் குழு அறிமுகமானதே அப்படித்தான்.

2004இல் நால்வரும் மறுபடி சேர்ந்தார்கள், அரங்குகள் நிரம்பின. 2013இல் கிம் டீல் விலகினார். அதன் பிறகு வந்த ‘இண்டி சிண்டி’ முதல் 2024இன் ‘தி நைட் தி ஸாம்பீஸ் கேம்’ வரை ஐந்து ஆல்பங்கள். பின்னர் பேஸ் வாசிக்க வந்த பாஸ் லென்சான்டின் இருந்த காலத்து ‘பெனீத் தி ஐரி’ எனக்குப் பிடிக்கும், பேஸ் மறுபடி மூச்சு விடுகிறது. மற்றவற்றை வரிசைக்காக வாசிக்கத்தான் போகிறோம், ஆசைக்காக அல்ல. டிரம்ஸ் தம்பி இதை ஒப்புக்கொள்வதில்லை. பழையதைப் புகழ்வது வயதாவதன் அறிகுறி என்கிறான்.

கிடங்கில் பெங்களூரா வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. கிரேட்டுகள் தோட்டங்களுக்குப் போய்விட்டன, எங்கள் சிதறல் சுவரும் அவற்றோடு போயிற்று. ‘போன் மெஷின்’ பதிவில் பின்பாதி இன்னும் பாக்கி. ஆடிக்குப் பிறகு பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அதுவரை முன்னறையில் ‘போஸநோவா’. ஸ்பிரிங் ரிவெர்ப் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று பெங்களூரில் விலைக்கு வந்திருக்கிறதாம். மச்சான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறான்.